‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ பாத்துட்டு தூக்கம் வந்தவங்களுக்கு

நீங்க கேட்டது இதுதான். 1962ல வந்த அமெரிக்கப் பேய்ப் படம் கார்னிவல் ஆஃப் சோல்ஸ,  கல்ட் கிளாசிக்னு எல்லாரும் தலைல தூக்கி வச்சு ஆடுறாங்களேன்னு உக்காந்து பாத்தீங்க, ஹீரோயின் மூஞ்சில ஒரு எக்ஸ்பிரஷனும் இல்ல, வாய் ஒரு பக்கம் அசையுது சத்தம் ஒரு பக்கம் வருது, பேய்னு வர்றவரு மூஞ்சில வெள்ளைய அப்பிட்டு கண்ணுக்கு கீழ மை தடவிட்டு வந்து நிக்கிறாரு, க்ளைமாக்ஸ் பத்தாவது நிமிஷத்துலயே புரிஞ்சு போச்சு, இதுல ரசிக்க என்ன இருக்கு. நீங்க சொன்ன நாலும் உண்மைதான், ஒண்ணக்கூட மறுக்கப் போறதில்ல. ஆனா அந்த நாலுல மூணு இந்தப் படத்துக்கு பலம்னு நான் நினைக்கிறேன், ஏன்னு சொல்றேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க. நீங்க படம் பாத்துட்டதால முடிவெல்லாம் மறைக்காம பேசுறேன், பாக்காதவங்க இங்கயே நிறுத்திக்கலாம்.

முதல்ல ஒரு விஷயம் ஒத்துக்கறேன், நானும் முதல் தடவ பாக்கும்போது பாதியிலயே தூங்கிட்டேன். நெட்ல கிடைச்ச ஒரு மோசமான காப்பி, வெள்ளையெல்லாம் வெளுத்துப் போய் கறுப்பெல்லாம் சாம்பலாகி, சவுண்ட் தகர டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி. ரெண்டு மூணு வருஷம் கழிச்சு நல்ல பிரிண்ட்ல, ஹெட்போன் மாட்டிட்டு, நடுராத்திரி தனியா பாத்தேன். அன்னைக்கு தூக்கம் வரல.

இந்தப் படத்த எடுத்தது யாருன்னு தெரிஞ்சா பாதி புரிஞ்சிடும். ஹெர்க் ஹார்வி சினிமாக்காரரே கிடையாது. கேன்சஸ் மாநிலத்துல லாரன்ஸ்ங்கற ஊர்ல சென்ட்ரான்னு ஒரு கம்பெனி, ஸ்கூலுக்கும் தொழிற்சாலைக்கும் குறும்படம் எடுத்துக் குடுக்கறதுதான் அவங்க பொழப்பு. பசங்க எப்படி ஒழுங்கா நடந்துக்கணும், பரீட்சைக்கு எப்படி படிக்கணும், மெஷின்கிட்ட எப்படி கைய வைக்கக் கூடாது, இந்த மாதிரி. ஹார்வி அங்க மாச சம்பளத்துக்கு டைரக்டர், அவர் வாழ்க்கைல எடுத்த இந்த மாதிரி படங்க நூத்துக்கணக்குல இருக்கும். கதை எழுதுன ஜான் கிளிஃபோர்டும் அதே ஆபீஸ்தான். ஹார்வி 3 வாரம் லீவு போட்டு, ஊர்ல இருக்கற வியாபாரிங்ககிட்ட கொஞ்சம் கொஞ்சமா காசு தேத்தி எடுத்த படம் இது. மொத்த செலவு கிட்டத்தட்ட 33,000 டாலர். இதுக்கு 2 வருஷம் முன்னாடி வந்த சைக்கோ, ஹாலிவுட் கணக்குல ரொம்ப சிக்கனமா எடுத்த படம்னு பேரு, அதுக்கே 8 லட்சம் டாலர் ஆச்சு. அப்ப இவரு கைல இருந்தது எவ்வளவு கம்மின்னு பாத்துக்கோங்க.

நானும் கொஞ்ச காலம் கம்பெனிகளுக்கு ட்ரெய்னிங் வீடியோ எடிட் பண்ணிட்டு இருந்தவன், அதனால இந்த ஆள் மேல எனக்கு ஒரு தனிப் பாசம். அந்த வேலைல இருக்கறவனுக்கு ஒரு பழக்கம் வந்துடும். லைட் கம்மியா, ஆள் கம்மியா, ரீடேக் போக நேரமே இல்லாம, ஆனா ஒவ்வொரு ஷாட்லயும் என்ன நடக்குதுன்னு பாக்கறவனுக்கு சந்தேகமில்லாம தெரியணும். ஸ்டைல் காட்ட இடமே இருக்காது. ஹார்வி பேய்ப் படம் எடுக்கும்போதும் அதே கையோடதான் எடுத்தாரு. கதாநாயகி மேரி, கார் ஆத்துல விழுந்த விபத்துல தப்பிச்சு, புது ஊருக்கு சர்ச்சுல ஆர்கன் (பெரிய கீபோர்டு மாதிரி ஒரு வாத்தியம்) வாசிக்க வந்தவ. வாடகை ரூம் பாக்குறா, துணிக்கடைக்குப் போறா, சர்ச்சுல வேலைக்கு சேர்றா, எல்லாமே புதுசா ஊருக்கு வர்ற பொண்ணு எப்படி செட்டில் ஆகணும்ங்கற கல்விப் படம் மாதிரியே இருக்கும். அந்த சப்புன்னு இருக்கற சாதாரணத்துக்கு நடுவுல திடீர்னு ஒரு வெள்ளை மூஞ்சி நிக்குது. ஆரம்பத்துல இருந்தே பனிமூட்டம், பாழடைஞ்ச கோட்டை, இடி மின்னல்னு காட்டியிருந்தா நாம தயாரா இருந்திருப்போம். இங்க தயாராகவே விடல.

படம் பொறந்த கதையே ஒரு கட்டிடத்துல இருந்துதான். ஹார்வி கலிஃபோர்னியால இருந்து கேன்சஸுக்கு கார்ல திரும்பி வரும்போது, சால்ட் லேக் சிட்டி பக்கத்துல, சூரியன் இறங்குற நேரம், சால்ட்ஏர்னு ஒரு பழைய உல்லாச மண்டபத்தப் பாக்குறாரு. உப்பு ஏரிக்கரைல பெரிய பெரிய குவிமாடத்தோட நிக்குற இடம். 1893ல தொறந்தது, 1925ல எரிஞ்சது, திரும்பக் கட்டுனாங்க, ஏரி உள்வாங்கி தண்ணி தள்ளிப் போயிடுச்சு, கூட்டம் கொறஞ்சு 1958ல இழுத்து மூடிட்டாங்க. ஆயிரக்கணக்குல ஜனம் ஆடுன டான்ஸ் ஹால் காலியா, காஞ்ச சேத்து நடுவுல நிக்குது. ஊருக்கு வந்ததும் கிளிஃபோர்ட்கிட்ட ஒரு கதை எழுது, கடைசி சீன்ல அந்த மண்டபத்துல செத்தவங்க எல்லாம் ஆடணும், மத்தது உன் இஷ்டம்னு சொல்லிட்டாரு. இந்தப் படத்தோட ப்ரொடக்‌ஷன் டிசைனர் உப்பும் காத்தும்தான்னு நான் சொல்லுவேன். எந்த ஸ்டுடியோவும் அந்த செட்ட போட்டிருக்க முடியாது, போட்டிருந்தாலும் அது செட்டாதான் தெரிஞ்சிருக்கும். 1970ல அதுவும் எரிஞ்சு போச்சு, அதனால இப்ப அந்த இடத்த ஆற அமரப் பாக்கணும்னா இந்தப் படத்துல பாத்தாதான் உண்டு.

கைல காசு இல்லாததால அவர் எடுத்த முடிவுகளப் பாருங்க. கார் ஓட்டுற சீனுக்கு அப்பல்லாம் வழக்கமா என்ன பண்ணுவாங்க, ஸ்டுடியோல பாதி காரை நிறுத்தி வச்சு பின்னாடி திரைல ரோடு ஓடுற மாதிரி படம் போடுவாங்க. அதுக்கு இவருகிட்ட வசதி இல்ல. அதனால பேட்டரில ஓடுற ஆரிஃப்ளெக்ஸ் கேமராவ கைல தூக்கிட்டு நிஜமா ஓடுற காருக்குள்ளயே உக்காந்து எடுத்துட்டாங்க. விளைவு என்னன்னா, ராத்திரி தனியா மேரி ஓட்டிட்டுப் போற அந்த சீன்ல வெளிய இருக்கறது நிஜமான இருட்டு. ரேடியோவ திருப்புறா, எந்த ஸ்டேஷன் வச்சாலும் ஆர்கன் மியூசிக்தான் வருது. பக்கத்து சீட் கண்ணாடில அவ மூஞ்சி தெரியுது, திரும்பிப் பாக்குறா, மறுபடி பாத்தா அங்க இருக்கறது அவ மூஞ்சி இல்ல. மியூசிக்க டமால்னு ஏத்தி நம்மள தூக்கிப் போடல, அந்த மூஞ்சி கண்ணாடில இருக்கு, அவ்வளவுதான், காரு ஓடிட்டே இருக்கு. எனக்கு இன்னைக்கும் ராத்திரி கார்ல போகும்போது சைடு கண்ணாடியப் பாக்க ஒரு தயக்கம் உண்டு.

அந்த மூஞ்சி யாருதுன்னு நினைக்கிறீங்க, டைரக்டர் ஹார்வியேதான். வேற ஆளுக்கு சம்பளம் குடுக்க வேண்டாமேன்னு தானே வேஷம் கட்டிட்டாரு. நீங்க சொன்ன வெள்ளை மேக்கப், ஆமா, அது மாவு அப்புன மாதிரிதான் இருக்கும். ஆனா அவர் பண்றதப் பாருங்க, நகத்த நீட்டல, உறுமல, ஓடி வரல. லேசா சிரிச்சுட்டு நிக்குறாரு. வர வேண்டியது எப்படியும் வரப் போகுது, நான் காத்துட்டு இருக்கேன்ங்கற மாதிரி ஒரு சிரிப்பு. கறுப்பு வெள்ளைல, கேமராமேன் மாரிஸ் ப்ரேதர் போட்ட லைட்ல, அந்த மாவு மூஞ்சி நல்ல பிரிண்ட்ல பாத்தா தனியா மிதக்கும். வெளுத்துப் போன காப்பில சுத்தி இருக்கறதும் வெள்ளையாயிடும், அப்ப வெறும் மாவுதான் தெரியும். நீங்க எதுல பாத்தீங்கன்னு கேக்கணும்.

இப்ப சவுண்டுக்கு வரேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச ஏரியா. பல இடத்துல குரல் அப்புறமா சேத்தது, உதட்டோட ஒட்டாது, ஆரம்பத்துல வர்ற கார் ரேஸ்லயே நீங்க கவனிச்சிருப்பீங்க. இது வேணும்னு பண்ணதுன்னு சில பேரு எழுதுவாங்க, நான் அப்படி சொல்ல மாட்டேன், காசில்லாம நடந்த கோளாறுதான். ஒரு தடவ எனக்கே ஒரு ஷூட்ல ஸ்பாட் சவுண்ட் முழுக்கப் போயிடுச்சு, பேசுன ஆள திரும்ப கூட்டிட்டு வந்து அமைதியான ரூம்ல பேச வச்சு ஒட்டுனேன், எவ்வளவு சரியா ஒட்டுனாலும் ஆளு ஒரு இடத்துலயும் குரல் வேற இடத்துலயும் இருக்கற மாதிரியேதான் இருந்துது, கிளையன்ட் திட்டுனாரு. இந்தப் படத்தோட அதிர்ஷ்டம் என்னன்னா, மேரியோட பிரச்சனையே அதுதான். அவ இந்த உலகத்துல சரியா ஒட்டல.

துணிக்கடை சீன எடுத்துக்கோங்க. ட்ரையல் ரூம்ல புது ட்ரெஸ் போட்டுப் பாக்குறா. படம் ஒரு நொடி தண்ணி அலை மாதிரி நெளியுது. வெளிய வந்து சேல்ஸ் பொண்ணுகிட்ட பேசுறா, அந்தப் பொண்ணு திரும்பிக்கூடப் பாக்கல. ஊரோட சத்தமெல்லாம் நின்னு போச்சு. ரோட்டுல ஜனம் நடக்குது, யாருக்கும் இவளத் தெரியல. இதுக்கு என்ன ஸ்பெஷல் எஃபெக்ட்? சவுண்ட் ட்ராக்ல இருந்து சத்தத்த எடுத்துட்டாங்க, அவ்வளவுதான், நயா பைசா செலவில்ல. அப்புறம் பார்க்குக்குப் போய் ஒரு மரத்துல சாயுறா, எங்கயோ ஒரு குருவி கத்துது, அந்தக் குருவியப் பிடிச்சுட்டு மொத்த ஊரும் திரும்ப சத்தமா வந்து சேருது. பேய் எதுவும் தொடாம, ரத்தம் ஒரு சொட்டு வராம, ஒரு குருவி சத்தத்துல நமக்கு மூச்சு திரும்ப வருது பாருங்க, அதுதான் டைரக்‌ஷன். பின்னாடி இதே மாதிரி இன்னொரு தடவ வரும், பஸ் ஸ்டாண்டுல, டிக்கெட் குடுக்கறவரு காதுல இவ பேசுறது விழாது, இவளோட ஹீல்ஸ் சத்தம் மட்டும் டக் டக்னு கேக்கும். கடைசில பஸ்ல ஏறுனா சீட்டு முழுக்க அந்த வெள்ளை மூஞ்சிங்க. ரெண்டாவது தடவ இன்னும் பயங்கரம், ஏன்னா முதல் தடவ நம்மளக் காப்பாத்துன குருவி இந்த தடவையும் வரும்னு நாம காத்துட்டு இருக்கோம்.

மியூசிக்கும் அப்படித்தான். ஆர்கெஸ்ட்ரா வைக்க வழியில்ல, ஜீன் மூர்ங்கறவரு வாசிச்ச ஆர்கன் மட்டும்தான் படம் பூரா. ஆனா கதாநாயகியே ஆர்கன் வாசிக்கறவ. அதனால நாம கேக்கற பின்னணி இசை அவ தலைக்குள்ள கேக்குதா, கார் ரேடியோல வருதா, சர்ச்சுல அவளே வாசிக்கிறாளான்னு கோடு அழிஞ்சு போகுது. சர்ச்சுல ஒரு சாயங்காலம் தனியா ப்ராக்டீஸ் பண்ணும்போது கை அது பாட்டுக்கு வேற எதையோ வாசிக்க ஆரம்பிக்கும், பாதிரியார் ஓடி வந்து நிறுத்தி இது தெய்வ நிந்தனைன்னு சொல்லி வேலைய விட்டு போகச் சொல்லிடுவாரு. அந்த இடத்துல கேமரா அவ கைலயும் கால்லயும்தான் இருக்கும், மூஞ்சில ரொம்ப இருக்காது. ஆரம்பத்துல வர்ற ஆர்கன் தொழிற்சாலையும் செட் இல்ல, லாரன்ஸ்ல நிஜமாவே இருந்த ஆர்கன் கம்பெனி. ஊர்ல என்ன இருக்கோ அதச் சுத்தி கதை பண்ணிக்கிட்டாங்க.

நடிப்பு. கேண்டஸ் ஹில்லிகாஸ் நியூயார்க்ல ட்ரெய்னிங் எடுத்த நடிகை, சுத்தி இருந்த பல பேரு உள்ளூர் ஆளுங்க. அதனால அவங்களுக்கு நடிக்கத் தெரியலங்கறது இல்ல. மேரிங்கற கேரக்டரே அப்படி. ஆர்கன் தொழிற்சாலைல அந்தப் பெரியவரு சொல்லுவாரு, வெறும் மூளையால வாசிச்சா போதாதும்மா, கொஞ்சம் ஆன்மாவையும் போடணும்னு. அவளுக்கு சர்ச் வேலை வெறும் வேலை, சாமி பக்தியெல்லாம் கிடையாது, அத மறைக்கவும் மாட்டா. 1962ல வந்த படத்துல ஒரு பொண்ணு எனக்கு ஆம்பள துணை வேண்டாம், சர்ச்சுல சம்பளம் வாங்கறேன் அதுக்கு மேல கேக்காதீங்கன்னு நிக்குறா. சுத்தி இருக்கற ஒவ்வொருத்தரும், பாதிரியாரு, டாக்டரு, வீட்டுக்கார அம்மா, பக்கத்து ரூம் ஆளு, எல்லாரும் நீ ஏன்மா இப்படி இருக்கன்னுதான் கேக்கறாங்க. அவ நிஜமாவே செத்துப் போனவளா, இல்ல இவங்க எதிர்பாக்கற மாதிரி இல்லாததால இவங்களுக்கு செத்தவ மாதிரி தெரியறாளா, ரெண்டுக்கும் அந்த மூஞ்சி பொருந்துது. அதுல நிறைய எக்ஸ்பிரஷன் போட்டிருந்தா ரெண்டுல ஒண்ணு போயிருக்கும்.

பக்கத்து ரூம்காரன் ஜான் லிண்டனப் பத்தி தனியா சொல்லணும். சிட்னி பெர்கர் பின்னியிருப்பாரு. கதவத் தட்டிட்டு காபியோட வந்து நின்னு, பல்ல இளிச்சு, அவ போன்னு சொல்லியும் போகாம, காலங்காத்தால காபில சாராயத்த ஊத்திக் குடிச்சுட்டு, அப்படியே வழிஞ்சுக்கிட்டு இருப்பான். பேய விட இவனப் பாத்தா குமட்டும். ஆனா கொடுமை என்னன்னா, பேய்க்கு பயந்து தனியா இருக்க முடியாம மேரி இவனையே கூப்பிட்டு கூட இருக்கச் சொல்ற நிலைமைக்கு வர்றா. வெளிய அந்த வெள்ளை மூஞ்சி, உள்ள இவன். பேய் மாதிரியே இவனும் விடாம துரத்தறவன்தான், மேக்கப் மட்டும் இல்ல.

சரி, குறையே இல்லையான்னா இருக்கு. டாக்டர் சாமுவேல்ஸ் வர்ற சீன் எல்லாம் எனக்கு இழுவைதான், அந்தாளு தெரிஞ்சதெல்லாம் ஒப்பிக்கிற மாதிரி பேசுவாரு, நடுவுல படம் உக்காந்துடும். நீங்க நாலாவதா சொன்ன க்ளைமாக்ஸ் விஷயமும் சரிதான், ஆத்துல விழுந்த காருல இருந்து ஒருத்தி மட்டும் மூணு மணி நேரம் கழிச்சு சேத்தோட ஏறி வந்தா யாருக்குத்தான் தோணாது. சாகப் போற ஒருத்தன் தப்பிச்ச மாதிரி கற்பனை பண்ணிக்கற கதைய ஆம்ப்ரோஸ் பியர்ஸ்ங்கற அமெரிக்க எழுத்தாளர் 1890லயே எழுதிட்டாரு, ட்விஸ்ட் அப்பவே பழசு. அதனால ட்விஸ்டுக்காக இந்தப் படத்தப் பாக்காதீங்க, அப்படிப் பாத்தா ஏமாத்தம்தான். முடிவு தெரிஞ்சு பாக்கும்போதுதான் அவ புது வேலை, புது ரூம், புது ட்ரெஸ்னு ஒவ்வொண்ணா பிடிச்சு இந்தப் பக்கம் நிக்கப் பாக்குறது வயித்தப் பிசையும். கடைசியா மண்டபத்துக்கிட்ட மண்ணுல அவ ஓடுன தடம் இருக்கும், ஒரு இடத்துல விழுந்த அடையாளம், அதுக்கு மேல தடமே இருக்காது, போலீஸும் டாக்டரும் பாதிரியாரும் சுத்தி நின்னு பாப்பாங்க. எனக்கு படம் அங்கயே முடிஞ்சிருக்கணும். அதுக்கப்புறம் ஆத்துல இருந்து காரைத் தூக்கி, உள்ள மேரியோட பிணம் இருக்கறதக் காட்டறது பாக்கறவன நம்பாம பண்ண வேலை.

இது எப்படி கல்ட் ஆச்சுங்கறது தனிக் கூத்து. வந்தப்ப ஓடல. ஹெர்ட்ஸ் லயன்னு ஒரு விநியோக கம்பெனி வாங்கி, கொஞ்சம் வெட்டி, இன்னொரு படத்தோட ஜோடி போட்டு திறந்தவெளி தியேட்டர்கள்ல ஓட்டுனாங்க, அப்புறம் அந்தக் கம்பெனி திவால், ஹார்விக்கு ஒழுங்கா காசு வந்து சேரல. அதுக்கு மேல பிரிண்ட்ல காப்பிரைட் வாசகம் போடாம விட்டுட்டாங்க. அப்ப இருந்த அமெரிக்க சட்டப்படி அந்த ஒரு வரி இல்லன்னா படம் பொதுச் சொத்து. இதே கதிதான் 1968ல வந்த நைட் ஆஃப் தி லிவிங் டெட்ங்கற ஜாம்பி படத்துக்கும், தலைப்ப மாத்தும்போது வாசகம் விட்டுப் போச்சு. எடுத்தவங்களுக்கு நஷ்டம், ஆனா காசு குடுக்க வேண்டாம்ங்கறதால லோக்கல் டிவிக்காரங்க அர்த்த ராத்திரில திரும்பத் திரும்பப் போட்டாங்க. பாதி தூக்கத்துல சேனல் மாத்தும்போது, பேரு கூட தெரியாம, ஆர்கன் சத்தத்தோட ஒரு பொண்ணு காலி மண்டபத்துல நடக்கறதப் பாத்தவங்க அத மறக்கவே இல்ல. நைட் ஆஃப் தி லிவிங் டெட் எடுத்த ஜார்ஜ் ரொமேரோவே இந்தப் படத்தோட தாக்கம் தனக்கு இருக்குன்னு சொன்னவரு. அந்த ரெண்டு படத்துலயும் வர்ற வெளிறிப் போன மூஞ்சிங்கள பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா உங்களுக்கே தெரியும். 1989ல திரும்ப தியேட்டர்ல விட்டாங்க, அப்பதான் விமர்சகருங்க கண்ணு திறந்துச்சு. ஹார்வி அதப் பாக்க உயிரோட இருந்தாரு, 1996லதான் போய்ச் சேந்தாரு. வேற முழுநீளப் படமே எடுக்கல மனுஷன். லீவு முடிஞ்சதும் ஆபீஸுக்குப் போய் பழைய வேலையத் தொடர்ந்தாரு, 1980ல பெரிய மெஷின்கள்கிட்ட நடக்கற விபத்தப் பத்தி எடுத்த ஷேக் ஹேண்ட்ஸ் வித் டேஞ்சர்னு ஒரு சேஃப்டி படம் இருக்கு, முடிஞ்சா தேடிப் பாருங்க, அதுவும் ஒரு விதத்துல ஹாரர் படம்தான்.

பொதுச் சொத்துங்கறதால நெட்ல நூறு காப்பி கிடக்கும், முக்காவாசி குப்பை. கலர் அடிச்சது ஒண்ணு இருக்கு, அதத் தொடவே தொடாதீங்க, மாவு மூஞ்சிக்கு கலர் குடுத்தா நீங்க சொன்ன காமெடிதான் மிஞ்சும். பழைய படங்கள நல்ல தரத்துல டிஸ்க்ல வெளியிடுற க்ரைட்டீரியன் கம்பெனி 2016ல போட்ட சீர்படுத்துன பதிப்பு கிடைச்சா அது போதும். முழுசா பாக்கப் பொறுமை இல்லன்னா ரெண்டே இடம் மட்டும் ஹெட்போன்ல பாருங்க, ராத்திரி கார் ஓட்டுற சீனும், துணிக்கடைல இருந்து குருவி கத்துற வரைக்கும் இருக்கற அந்த சில நிமிஷமும். அதுலயும் ஒண்ணும் ஆகலன்னா விட்டுடுங்க, இது உங்க படம் இல்ல. ஏதாவது ஆச்சுன்னா மறுநாள் ராத்திரி முதல்ல இருந்து போடுங்க, இந்த தடவ ஆத்துல இருந்து அவ ஏறி வரும்போது சுத்தி நிக்கறவங்க யாரு அவளத் தொடுறாங்க, யாரு தொடலன்னு பாத்துட்டே வாங்க.